மேட்டை அப்புறம் பார்க்கலாம், என்ன பேனா வைத்திருக்கிறீர்கள்?

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. வாராவாரம் சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஆட்டம் முடிந்ததும் சுருட்டிப் பரணில் போடுகிறோம். வரைந்து அழித்துத் திரும்ப வரைகிற மாதிரி ஒரு மேட் வாங்கலாம் என்று பார்த்தால் வினைல், ஒயிட்போர்டு மாதிரி மடிக்கும் பலகை, டைல், மவுஸ்பேட் துணி என்று ஏகப்பட்டது இருக்கிறது. எது நல்லது? நாங்கள் ஐந்து பேர், ஆடுவது வீட்டுச் சாப்பாட்டு மேசையில்." இதுதான் உங்கள் கேள்வி. (தெரியாதவர்களுக்கு: ஆளுக்கொரு கதாபாத்திரமாகிக் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. மேட் என்பது குகையையும் அறையையும் வரைந்து, மேலே பொம்மைகளை நகர்த்துவதற்கான கட்டம் போட்ட விரிப்பு.)

மேசையைப் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. எதால் எழுதப்போகிறீர்கள்? மேட்டை வாங்கி விரித்துவிட்டு, "யாராவது ஒரு ஸ்கெட்ச் குடுங்கப்பா" என்று கேட்கிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி ஒரு வினைல் மேட் வரவழைத்தேன். முதல் நாள் உற்சாகத்தில், வீட்டில் கிடந்த சிவப்பு ஒயிட்போர்டு மார்க்கரை எடுத்து, மந்திரத் தீப்பந்து விழுந்த இடத்தைச் சுற்றி எட்டுக் கட்ட அகலத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டேன். இரவு துடைத்தால் வட்டம் ரோஜா நிறத்துக்கு வெளுத்ததே தவிர, போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் ஆட்டத்தில் எந்தக் குகையானாலும் நடுவில் அந்த வட்டம் உண்டு. புதிதாக ஆட வருகிறவர்கள் ஏதோ பொறி என்று நினைத்து அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள், நாங்களும் ஒன்றும் சொல்வதில்லை.

அழிக்கக்கூடிய மார்க்கர் இரண்டு வகை. ஒயிட்போர்டு மார்க்கரில், ஆல்கஹால் மாதிரி சட்டென்று ஆவியாகும் கரைப்பானில் நிறமி கலந்திருக்கும். கூடவே, நிறம் பரப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்க எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு பொருளும் இருக்கும். கரைப்பான் பறந்ததும் நிறம் ஒரு மெல்லிய தோல் மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும், காய்ந்த துணி பட்டாலே உரிந்து வந்துவிடும். கண்ணாடி, எனாமல், மெலமைன் என்று துளையில்லாத கெட்டிப் பரப்புகளுக்காகச் செய்த மை அது. இன்னொரு வகை தண்ணீரில் கரையும் மை. காய்ந்தபின் கை பட்டால் போகாது, ஈரத்துணி பட்டால் போய்விடும். கல்லூரியில் ஓஎச்பி (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) ஷீட்டில் எழுதிப் பாடம் நடத்திய காலத்து ஆட்களுக்குத் தெரிந்த பேனாதான்.

வினைல் என்பது பிவிசி. அது விறைப்பாக இல்லாமல் வளைவதற்குக் காரணம் உள்ளே கலந்திருக்கும் மென்மையாக்கிகள். அந்த மெத்தென்ற பரப்பில் ஒயிட்போர்டு மார்க்கரின் கரைப்பான் பட்டால் கொஞ்சம் உள்ளே இறங்கும், போகும்போது நிறத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் நிழல் மாதிரி ஒரு தடம் நிற்கும். ஆகவே சாதாரண வினைல் மேட்டுக்கு நீரில் கரையும் மை மட்டும்தான். அதிலும் சிவப்பு விஷமக்காரன். கறுப்பும் நீலமும் சுத்தமாகப் போன இடத்தில் சிவப்பு மட்டும் தங்கிவிடும்.

அந்த மென்மையாக்கி இன்னொரு வேலையும் செய்யும். பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் ரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுத்தால் ஸ்கேல் உருகின மாதிரி குழிந்திருக்குமே, அதே சங்கதி. பிவிசி ரப்பரில் இருக்கும் மென்மையாக்கி ஸ்கேலுக்குள் இறங்கியதால் வந்த குழி அது. மேட்டுக்குள் மினியேச்சர் என்கிற பிளாஸ்டிக் குட்டிப் பொம்மைகளை வைத்துச் சுருட்டிப் பீரோவுக்கு மேல் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் ஏப்ரல், மே மாதத்தில்.

சரி, இரண்டில் எந்த மை உங்களுக்கு ஒத்துவரும்? இதற்கு நீங்கள் எப்போது வரைகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே முழு நிலவறையையும் வரைந்து வைத்து, அதன்மேல் காகிதம் மூடி, அறை அறையாகத் திறந்து காட்டுகிற டிஎம் (கதையை நடத்துகிறவர்) என்றால் நீர் மை நல்லது. மூன்று மணி நேரம் நான்கு பேரின் முழங்கையும் பகடையும் அதன்மேல் உருண்டாலும் கோடு அசையாது. எதிரி ஓர் ஈரத்துணி, அப்புறம் குளிர்ந்த தண்ணீர் பாட்டில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் சென்னைக் காற்றில் வியர்க்கும் வேகத்துக்கு, பத்து நிமிடத்தில் கோட்டைச் சுவரில் ஒரு வட்ட ஓட்டை விழுந்துவிடும். பாட்டிலுக்குத் தனியாக ஒரு ஸ்டூல் போட்டுவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆட்டத்தின் நடுவில்தான் எல்லாமே முளைக்கும், ஆட்டக்காரர்கள் எந்தக் கதவைத் திறப்பார்கள் என்று எனக்கே தெரியாது என்கிறவருக்கு ஒயிட்போர்டு மைதான் சுகம். விரலாலேயே சுவரை அழித்து வாசல் வைக்கலாம். சிலந்தி வலை எரிந்தால் ஒரு தேய்ப்பு, முடிந்தது. ஆனால் சட்டைக்கை பட்டாலும் அழியும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் குனிந்து தன் மினியை நகர்த்துவார், ஆறு அடி மதில் அவர் சட்டையோடு போய்விடும். அங்கே சுவர் இருந்ததா இல்லையா என்று வரும் வழக்கைத் தீர்க்கப் பஞ்சாயத்துதான் கூட்ட வேண்டும்.

இனி மேசை. வீட்டு மேசையை ஏறத்தாழ 3 அடிக்கு 5 அடி என்று வைத்துக்கொள்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு கட்டம் ஓர் அங்குலம், அது கதைக்குள் 5 அடி. இது ஆதியிலிருந்தே இருந்த கணக்கில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் விதிகள் பொம்மைப் படை ஆட்டத்திலிருந்து வந்தவை. தூரத்தை அங்குலத்திலேயே சொல்வார்கள், நிலவறைக்குள் அங்குலத்துக்கு 10 அடி, வெட்டவெளியில் 10 கெஜம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்போடுதான் கட்டத்துக்கு 5 அடி என்பது நிலைத்தது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் கட்டம் கட்டாயமே இல்லை, வாயால் சொல்லியும் ஆடலாம். கட்டம் வைத்தால் ஒரு மனிதனுக்கு ஒரு கட்டம், 30 அடி வேகம் என்றால் ஆறு கட்டம். குதிரை அளவுள்ளவற்றுக்கு இரண்டுக்கு இரண்டு, வளர்ந்த டிராகனுக்கு மூன்றுக்கு மூன்று.

இந்தக் கணக்கில் 24 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள மேட் என்றால் 120 அடிக்கு 150 அடி நிலம். 150 அடி என்பது நீள்வில்லின் சாதாரண எட்டல் தூரம், தீப்பந்தை எறியக்கூடிய தூரமும் அதுதான். அதாவது மேட்டின் ஒரு முனையில் நிற்கும் வில்லாளி மறுமுனை வரை அடிப்பான். அறைக்குள், குகைக்குள் நடக்கும் எந்தச் சண்டைக்கும் இது தாராளம். காட்டிலும் கடற்கரையிலும் நடப்பவற்றுக்கு எவ்வளவு பெரிய மேட்டும் போதாது, அங்கே கட்டத்துக்கு 10 அடி என்று அறிவித்துவிட்டு ஆட வேண்டியதுதான்.

பெரிதாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். செஸ்ஸெக்ஸ் நிறுவனத்தின் மெகாமேட் 34.5-க்கு 48 அங்குலம். அகலவாக்கில் உங்கள் மேசையை ஏறத்தாழ முழுக்க மூடிவிடும். கேரக்டர் ஷீட் (அவரவர் பாத்திரத்தின் விவரத் தாள்), பகடை, மிக்சர் தட்டு எல்லாம் வரைபடத்தின் மேல்தான் உட்கார வேண்டும். அவர்களுடைய சின்ன பேட்டில்மேட் 26-க்கு 23.5 அங்குலம், உங்களுக்கு அந்த அளவு போதும். 24-க்கு 30 மேட்டை 3 அடி அகல மேசையில் நடுவாகப் போட்டால் இரண்டு பக்கமும் ஆறாறு அங்குலம் மிஞ்சும். ஏ4 கேரக்டர் ஷீட்டைப் பாதியாக மடித்துப் படுக்க வைத்தால் 5.8 அங்குலம், அளவெடுத்த மாதிரி உட்காரும். நீளவாக்கில் நடுவில் வைக்காமல் டிஎம் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். கடைசி மூலையை எட்ட எழுந்து நின்று குனிகிற டிஎம்மின் முதுகுக்கு நல்லது, மறுமுனையில் தட்டு வைக்க இடமும் கிடைக்கும்.

இப்போது கடையில் கிடைப்பவை. சுருட்டும் வினைல் மேட்டைப் பற்றிப் பாதி சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் சதுரம், மறுபக்கம் அறுகோணம் என்று இருக்கும் ஒன்றை எடுப்பது உத்தமம். நாளைக்கு கர்ப்ஸ் என்கிற இன்னொரு கதை ஆட்டத்தை ஆட ஆசை வந்தால் அதற்கு அறுகோணம்தான் வேண்டும், அங்கே ஒரு கட்டம் ஒரு கெஜம். மடித்து அனுப்பியிருந்தால் மடிப்புத் தழும்பு மேடுமேடாக இருக்கும், மினிகள் சாயும். ஹேர் டிரையரை மிதமாகக் காட்டி எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஓர் இரவு வையுங்கள், படிந்துவிடும். இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

மடிக்கும் வகையில் பெயர் பெற்றது பைசோ நிறுவனத்தின் ஃப்ளிப்-மேட். நான் மேலே சொன்ன 24-க்கு 30 அதன் அளவுதான். மடித்தால் 8-க்கு 10, பையில் ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி போய்விடும். அதன் பூச்சில் ஒயிட்போர்டு மை, நீர் மை, ஏன் பர்மனென்ட் மார்க்கர் கூட எழுதி அழிக்கலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பர்மனென்ட் கோட்டின் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் மறுபடி எழுதி, சில விநாடி விட்டுத் துடைக்கச் சொல்வார்கள். மந்திரம் ஒன்றுமில்லை, புதுக் கோட்டின் கரைப்பான் பழைய மையை இளக்கிவிடுகிறது. இந்த வித்தை ஒயிட்போர்டு மாதிரிக் கெட்டிப் பூச்சில்தான் செல்லும், வினைலில் செய்து பார்த்தால் இரண்டு கறையாகும். வீடு மாற்றி வீடு போய் ஆடுகிற குழுவானால் யோசிக்காமல் மடிக்கும் வகையை எடுங்கள்.

ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும் ஒயிட்போர்டு டைல்கள் பார்க்க அழகு. பத்து அங்குலச் சதுரம் ஒன்று, ஐந்து அங்குலம் சில. ஆட்டக்காரர்கள் போகப் போக ஒவ்வொரு டைலாக வைத்துக்கொண்டே போகலாம், மூடி மறைக்கிற வேலை இல்லை. ஆனால் ஒரு மேட் விலைக்கு அந்த அளவு நிலம் கிடைக்காது. கோர்த்துக் கழற்றுகிற சத்தத்தில் பேய் வீட்டுக் கதையில் பயமும் வராது. நான் ஒரு பெட்டி வாங்கி இரண்டே முறை பயன்படுத்தினேன். மவுஸ்பேட் மாதிரியான நியோப்ரீன் துணி மேட், புல்வெளியோ கற்தளமோ அச்சடித்து வருவது, வரைவதற்கானதே அல்ல. மேலே அழிக்கும் பூச்சு உண்டு என்று தெளிவாகப் போட்டிருந்தால் ஒழிய அதை விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் சொன்னாலும், நான்கு மாதக் குழுவுக்கு முதல் மேட்டை வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்வேன். தாயம் ஆட யாரும் பலகை வாங்கி வந்ததில்லை. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் போட்டோம், ஆடி முடித்து ஈரத்துணியால் துடைத்தோம். இங்கேயும் அவ்வளவுதான் வேலை.

சாப்பாட்டு மேசைக்கு மேல் விரிக்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள், வீட்டிலேயே இருந்தாலும் இருக்கும். நீங்கள் ஏற்கெனவே கட்டம் போட்டு வைத்திருக்கும் சார்ட்டில் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, அதன்மேல் இந்த ஷீட்டைப் போடுங்கள். 22-க்கு 28 அங்குல சார்ட், ஏறத்தாழ ஃப்ளிப்-மேட் அளவுதான். நீர் மையால் ஷீட்டின் மேல் எழுதுங்கள். இதுவும் பிவிசிதான், ஆகவே வினைலுக்குச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும். சிவப்பு வட்டம் நிரந்தரமாக விழுந்தால் போகட்டும், அடுத்த வாரம் ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். கீழே இருக்கும் காகிதத்தை மாற்றலாம் என்பது இதில் வசதி. இன்று கட்டம் மட்டும், நாளை அச்சடித்த சத்திரம்.

அச்சடிக்கும்போது ஒரே ஒரு கவனம். பிரிண்ட் கொடுக்கையில் "100 சதவீதம்" என்று தேர்ந்தெடுங்கள். தாளுக்குள் பொருத்துகிற விருப்பத்தை விட்டுவைத்தால் கட்டம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்து வரும். ஒரு கட்டத்தில் தெரியாது, இரண்டு தாளை ஒட்டும்போது தெரியும். ஏ3 தாளில் 11-க்கு 16 கட்டம் கொள்ளும். நான்கு ஏ3 தாள் ஒட்டினால் 22-க்கு 32.

கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்குப் போங்கள். அவர்களிடம் ஃப்ளெக்ஸ் கேட்காமல் வினைல் ஸ்டிக்கர் பிரிண்ட் எடுத்து, மேலே லேமினேஷன் போட்டு, சன்போர்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். வெறும் ஃப்ளெக்ஸ் துணியில் நெசவு தெரியும், மை அந்தப் பள்ளங்களில் தங்கும். மேலே லேமினேஷன் இல்லாததால் அழுத்தித் தேய்த்தால் அச்சே கிளம்பும். சன்போர்டை 15-க்கு 24 என்று இரண்டு துண்டாக வாங்கிப் பின்பக்கம் டேப் போட்டு இணைத்தால் கேரம்போர்டில் பாதி மாதிரி மடித்து வைக்கலாம். லேமினேஷனில் பளபளப்பு (கிளாஸ்), மங்கல் (மேட் ஃபினிஷ்) என்று இரண்டு உண்டு. பளபளப்பில் மை சுலபமாகப் போகும், ஆனால் டியூப்லைட் நேராக மேலே இருந்தால் எதிரில் உட்கார்ந்தவருக்குக் கட்டமே தெரியாது. மங்கல் கண்ணுக்கு இதம், அதன் சொரசொரப்பில் ஒயிட்போர்டு மை மாட்டிக்கொள்ளும், நீர் மைதான் சரிப்படும். கட்டக் கோட்டை வெளிர் சாம்பலில் போடச் சொல்லுங்கள். கறுப்பில் போட்டால் நீங்கள் வரையும் சுவரும் கட்டமும் ஒன்றாகிவிடும்.

அக்ரிலிக் ஷீட் வாங்கிக் காகிதத்தின் மேல் வைக்கிறவர்களும் உண்டு. 2 அடிக்கு 3 அடி, 3 மி.மீ. தடிமனில் இரண்டு கிலோ வரும். அதே அளவுக் கண்ணாடி 4 மி.மீ.யில் ஐந்தரை கிலோவைத் தாண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம். அக்ரிலிக்கில் ஒயிட்போர்டு மை வழுக்கிக்கொண்டு போகும். உலோக மினி உரசினால் கீறல் விழும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் போட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்புக் காணும், சோப்புத் தண்ணீர் போதும்.

மினிகள் இல்லையென்றால் நாணயம் வைத்து ஆடலாம். கட்டம் 25.4 மி.மீ., 2019-க்குப் பிறகு வந்த 5 ரூபாய் நாணயம் 25 மி.மீ., கச்சிதம். 10 ரூபாய் 27, பக்கத்துக் கட்டத்தில் கால் வைக்கும். கேரம் காய் 3 செ.மீ.க்கும் மேல், அதை ஓகர் என்கிற பூதம் மாதிரி இரண்டுக்கு இரண்டு கட்டக்காரர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பேனா. நீர் மைக்கு நான் வைத்திருப்பது ஸ்டெட்லர் லூமோகலர் நான்-பர்மனென்ட், எஃப் (மெல்லிய) முனை. கடையில் "லூமோகலர்" என்று மட்டும் கேட்டால் பர்மனென்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதே பெயரில் அதுவும் இருக்கிறது. உடம்பில் அச்சடித்த எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு இரண்டு, நீலம் ஒன்று, பச்சை ஒன்று. எதை வாங்கினாலும் முதலில் மேட்டின் ஓரத்தில், யாரும் பார்க்காத மூலையில், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க விட்டுத் துடைத்துப் பாருங்கள். உடனே துடைத்தால் எல்லாப் பேனாவும் நல்ல பேனாதான். ஆடி முடித்த இரவே துடைத்துவிடுவதும் முக்கியம், அடுத்த ஞாயிறு தொடரலாம் என்று அப்படியே விட்டால் மை பாதி குடியேறிவிடும். தொடர வேண்டிய சண்டையை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அழியுங்கள். ஏற்கெனவே விழுந்த கறைக்குப் பஞ்சில் கொஞ்சம் சானிட்டைசர் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம், அதில் ஆல்கஹால் இருக்கிறது. அதையும் மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், கறைக்கு முன்னால் கட்டக் கோடு கிளம்பி வரக்கூடும். என் ரோஜா வட்டத்தைச் சுற்றி நான்கு கட்டத்துக்கு இப்போது கோடு இல்லை.